பாரிசுக்கு முதலில் தெரிந்தது

செல்போனில் நெட் வந்த புதிது. என் தம்பி தட்டில் இருக்கும் இட்லியைக்கூடப் படம் எடுத்து நெட்டில் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவான். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

கோரிமேடு ஆஸ்பத்திரியில் அப்பா இறந்த அன்று காலை, "அம்மாகிட்ட நான் நேர்ல போய்ச் சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் போன் பண்ணாதடா" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன்.

முத்தியால்பேட்டை வீட்டில், அப்பாவுக்கு எடுத்துப்போக வைத்திருந்த கஞ்சித் தூக்கை மடியில் வைத்தபடி அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாரிசுலேருந்து உன் சித்தி போன் பண்ணி அழுவுறா. நெட்ல பார்த்தாளாம். பாரிசுக்குத் தெரிஞ்சது முத்தியால்பேட்டைக்குத் தெரியக் கூடாதாடி?"

தூக்கை வாங்கிக் கீழே வைத்தேன். இன்னும் சுட்டது.

தம்பி வந்ததும் கத்தினேன். "நான் யாருக்கும் போன் பண்ணலக்கா. போட்டோதான் போட்டேன்" என்றான். அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருக்கும்போதே, யார் யார் அனுதாபம் எழுதியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். செல்போனைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். அப்போதுதான் அவன் அழுதான்.

இப்போது அம்மாவும் இல்லை. அன்று ஆட்டோவில் தேடிய வார்த்தைகள் இன்னும் என் தொண்டையிலேயே நிற்கின்றன. அவற்றைப் போய்ச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.