அத்தை வகுப்பில் தண்ணீர் கிடையாது

எட்டு வயது வரை, பெரியவர்களில் சிலருக்குத் தாகமே எடுக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பியதற்குக் காரணம் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் தாலியை இழந்து மந்தைவெளியில் எங்களோடு இருக்க வந்தவள், பிடிவாதம் பிடித்து டிரெயினிங் படித்து, சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள். எங்கள் தெருவிலிருந்து குடையும் கையுமாகத் தினம் வேலைக்குப் போன பெண் அவள் ஒருத்திதான். அவளிடமே நான் மூன்றாம் வகுப்புப் படிக்க நேர்ந்ததுதான் அன்றைக்கு என் தலைவிதி.

பள்ளிக்கூடம் என்றால் பெரிய கட்டடமெல்லாம் இல்லை. ஒரு வீட்டின் முன்கட்டு, அவ்வளவுதான். பின்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம் இருந்தது. நடுவில் ஒரு கதவு, அதன் தாழ்ப்பாள் அவர்கள் பக்கம். ஹெட்மாஸ்டரும் மற்ற வாத்தியார்களும் ஆண்கள். எங்கள் வகுப்பில் பையன்கள் இருபது பேருக்கு மேல், பெண்கள் ஆறு பேர். நடையில் ஒரு மண்பானை இருந்தது. மற்ற வகுப்புப் பையன்கள் பாடத்தின் நடுவே எழுந்துபோய்க் குடிப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எங்களுக்கு மட்டும் இடைவேளை மணி அடிக்கும்வரை கிடையாது. அடித்த பிறகும் ஆளுக்கு அரை டம்ளர்தான்.

பங்குனி வெயிலில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொந்த மருமகள் என்ற உரிமையில் ஒருநாள் எழுந்து நின்று கேட்டேன்.

"நானுந்தான் குடிக்கலை. ஆத்துக்குப் போய்க் குடிச்சுக்கலாம், உக்காரு" என்றாள்.

அது பொய்யில்லை. காலையில் அரை வாய் காபியோடு கிளம்பினால் அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பாள். சாயங்காலம் வாசல்படி ஏறியதும் குடையைக்கூட மாட்டாமல் நேரே கொல்லைக்கு ஓடுவாள். திரும்பி வந்த பிறகுதான் பேச்சு, ஒரு சொம்புத் தண்ணீர், எல்லாம். கொல்லையில் என்ன புதையலா வைத்திருக்கிறாய் என்று அப்பா கேலி செய்வார். பழக்கம் விடாமல் ஞாயிற்றுக்கிழமைகளில்கூடப் பகலில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் நிலைக்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவர் வருகிற அன்று அத்தையே எனக்குத் தலை பின்னிவிட்டாள். என்ன கேட்டாலும் பளிச்சென்று பதில் சொல்லவேண்டும் என்று இரண்டு தரம் சொல்லியும் வைத்தாள்.

சொன்னேனே! வாய்ப்பாடு, மனக்கணக்கு, வீட்டிலிருந்து கொண்டுபோன கையெழுத்து நோட்டு, எல்லாம் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு ஏகத் திருப்தி. புறப்படும்போது, நல்ல மனிதர், உங்களுக்கெல்லாம் இங்கே ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"டீச்சர் தண்ணி குடிக்க விடமாட்டா, சார்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, குழந்தைகளுக்குத் தண்ணி கூடவா குடுக்கக்கூடாது? என்ன காரணம்?"

அத்தை வாயைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். காதுமடல் சிவந்தது. இன்ஸ்பெக்டர் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். கேள்வி கேட்டே பழகியவள் பதில் தெரியாமல் நின்றதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் ஹெட்மாஸ்டர் உத்தரவுப்படி பானை எங்கள் வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. வெற்றிக் களிப்பில் நான் நாலு டம்ளர் குடித்தேன். ஒரு மணி நேரத்துக்குள் பெஞ்சியில் நெளிய ஆரம்பித்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்து அழைத்துப்போய் நடுக்கதவைத் தட்டினாள். வீட்டுக்கார அம்மாள் கதவை ஒருக்களித்துத் திறந்தாள்.

"வாடகை முன்கட்டுக்குத்தான். கொல்லை எங்களுது. எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

கதவு சாத்திக்கொண்டது. அத்தை குடையை எடுத்துக்கொண்டாள். சந்தின் கடைசியில், பையன்கள் ஒதுங்கும் மதிலோரம் என்னை உட்காரவைத்து, குடையை விரித்து மறைவாகப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். யாரோ ஒருவர் சைக்கிளில் போனபோது குடையை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"அத்தை, நீ எங்கே போவே?" என்று கேட்டேன்.

"நான் போறதில்லைடி" என்றாள்.

அடேயப்பா, டிரெயினிங்கில் இதையெல்லாம்கூடச் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னதைப் பற்றி அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. வீட்டிலும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கோடை லீவில் ஒரு காலைத் தபாலில் கடிதம் வந்தது. அப்பா உரக்கப் படித்தார். குழந்தைகளிடம் டீச்சருக்குப் போதிய கருணை இல்லையென்று இன்ஸ்பெக்டர் கருதுவதால், அடுத்த வருஷம் டீச்சர் வேலைக்கு வரவேண்டியதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்தானே, கொடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று அப்பா சலித்துக்கொண்டார். தன் சொந்த அண்ணாவிடமும் அத்தை காரணம் சொல்லவில்லை.

கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்துத் துடைத்து, பரண்மேல் வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். மணி பத்துகூட ஆகவில்லை. அந்த வேளையில் அவள் குடிப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்றைக்கு வெயில் ரொம்ப அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஓடிப்போய் இன்னொரு டம்ளர் மொண்டு வந்து நீட்டினேன். அதையும் வாங்கிக் குடித்தாள்.