தாமல் வரைக்கும் சூடு

காஞ்சிபுரத்தில் ஒரு பெண் உதிரிபாகக் கடையில் நின்றுகொண்டு, பைக் கைப்பிடியைச் சூடாக்கும் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும்? "சித்திரைல வாம்மா, வெயில்ல நிறுத்தி சும்மாவே சூடாக்கித் தரேன்" என்றார் கடைக்காரர். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் தொழில் பாவு பிணைப்பது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். தறியில் ஒரு பாவு நெய்து தீரும் நேரத்தில், அடுத்த பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி ஒன்றாக்க வேண்டும். பட்டுச் சேலைக்கு நாலாயிரம் இழைக்கு மேல் வரும். காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலை ஆகிவிடும். இதில் கண்ணுக்கு அவ்வளவு வேலை இல்லை. பிடித்திருப்பது ஓர் இழையா இரண்டு இழையா, முறுக்கு ஏறிவிட்டதா என்பதையெல்லாம் விரல் நுனிதான் சொல்லும். நான் வாய் ஓயாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டே பிணைப்பேன், விரல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மூன்று வருடமாக மார்கழி வந்தால் அந்த விரல் எனக்கு உதவுவதில்லை. விடிகாலைப் பனியில் வண்டி ஓட்டிப்போய் இறங்கினால், நான்கு விரல்களும் சுண்ணாம்பில் தோய்த்தது போல வெளுத்திருக்கும். கிள்ளினாலும் தெரியாது. பிறகு உயிர் வரும்போது வரும் வலி இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. குளிர் பட்டால் சிலருக்கு விரலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்ளும், கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இது என்ன ஊட்டியா என்று கேட்டேன். உங்கள் கைக்கு இதுவே ஊட்டிதான் என்றார்.

போன மார்கழியில்தான் அது நடந்தது. ஏரிக்கரையைத் தாண்டி இருக்கும் தாமல் கிராமத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பாவு பிணைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பினேன். பிணைத்த பாவை அவர் மறுநாள் விடிகாலையில் இழுத்திருக்கிறார். இழுப்பது என்றால், பழைய பாவை மெல்ல முன்னால் இழுத்து, பிணைப்பெல்லாம் தறியின் விழுது நூல் கண்ணிகளுக்குள்ளும் சீப்பு போன்ற அச்சுப் பல்லுக்குள்ளும் நுழைந்து வெளியே வரச் செய்வது. முறுக்கு சரியில்லாத இடம் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். கை அகலத்துக்கு இழைகள் அறுந்துவிட்டன என்று போனில் சொன்னார். திட்டவில்லை. ஆனால் அடுத்த பாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. அவரைப் பார்த்து பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்களும் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அன்று பிணைக்க உட்கார்ந்தபோது விரல் செத்துக் கிடந்தது எனக்குத் தெரியுமே, எந்த முகத்தோடு சண்டை போடுவது?

ஒரு வருடம் கழித்து, இந்த மார்கழியில் அதே தாமல்காரர் கூப்பிட்டார். தை முகூர்த்தத்துக்கான சேலை, நீயே வந்து பிணைத்துக் கொடு என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். இதுவும் அறுந்தால் தாமலில் மட்டுமல்ல, ஊரிலேயே யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கையுறை போட்டுக்கொண்டால் என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். போட்டுப் பார்த்தாயிற்று. ஏரிப் பக்கத்துப் பனியில் அது நனைந்து, வெறுங்கையைவிட மோசமாகச் சில்லிட்டது. கம்பளிக் கையுறையோ விரலெல்லாம் பிசிறை ஒட்டவைத்தது, பட்டு இழை அதில் சிக்கியது. பஸ்ஸில் போகலாம்தான். அந்த நேரத்துக்கு வரும் பஸ்ஸை நம்பினால் பிணைப்பு பாதியில் இருக்கும்போதே பொழுது போய்விடும்.

சூடாகும் கைப்பிடி என்று ஒன்று இருப்பதைப் போனில் பார்த்துக் கண்டுபிடித்தது என் கணவர். ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். அவர் கம்பெனி பஸ்ஸில் போவதால்தான் அவருடைய பைக் எனக்கு வந்தது. இருக்கும் கைப்பிடி மேலேயே சுற்றிக் கட்டும் உறை ஒரு வகை, பழையதைக் கழற்றிவிட்டு முழுதாக மாட்டுவது இன்னொரு வகை. உறை மலிவு. அதையே வாங்கிவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. உறை போட்டால் பிடி தடித்துவிடும், உன் சின்னக் கைக்குக் கிளட்ச் எட்டாது என்று என் உள்ளங்கையை இஞ்ச் டேப்பால் அளந்தார். கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கியபோதுகூட அளக்கவில்லை.

கடையில் கிடைக்காததால் போனிலேயே ஆர்டர் செய்தோம். பார்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து மாட்டினார். பழைய கைப்பிடியை பிளேடால் கீறி உரித்தார். வண்டி ஓடினால்தான் சூடாக வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்று சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயரில் சேர்த்தார். எல்லாம் பார்ப்பதற்கு ஜோராகத்தான் இருந்தது. வண்டியைக் கிளப்பி ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் உறுமியது. ஆக்ஸிலேட்டர் பக்கக் கைப்பிடி ஒயரைத் தொய்வு விடாமல் இறுக்கிக் கட்டியிருந்தார் மனிதர், ஹேண்டில் திரும்பியதும் அது ஆக்ஸிலேட்டரையும் இழுத்துத் திருப்பிவிட்டது. நல்லவேளை, வாசலிலேயே தெரிந்தது. பெண்டாட்டியைச் சூடாக மேலே அனுப்பிவைக்கிற ஐடியாவா என்று கேட்டேன். எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து கட்டினார். அவர் குனிந்திருந்த விதத்தைப் பார்த்ததும் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. "இப்போ புடிச்சிப் பாரு" என்றார். பிடித்தேன். உள்ளங்கையில் சூடு ஏற ஏறக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

தாமலுக்குப் போன காலையில் சூட்டை உச்சத்தில் வைத்தேன். ஏரிக்கரைக் காற்று முகத்தை அறுத்தது, கை மட்டும் சூடாக இருந்தது. பாட்டுப் பாடாத குறைதான். போய்ச் சேர்ந்து, தறி முன்னால் உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டால், அது விரலில் சேறாகிவிட்டது. உள்ளங்கை முழுக்க வியர்வை! ஈரக் கைக்குப் பட்டு இழை வழுக்கிக்கொண்டு போகிறது. நெசவாளர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பத்து இழையைப் பிய்த்துப் போட்டேன். கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய், காற்றில் கையை விரித்தபடி நின்றேன். வந்த வழியில் ஏரிக்கரையிலேயே சுவிட்சை அணைத்திருந்தால் கை காய்ந்திருக்கும். சூடும் வேண்டும், ஈரமும் கூடாது. கைப்பிடியோடு வந்த காகிதத்தில் இதை யார் எழுதப்போகிறார்கள்?

உள்ளே வந்து உட்கார்ந்தேன். விரல் நுனி ஒவ்வோர் இழையையும் சொல்லிக்கொண்டே வந்தது. அன்றைக்கு நான் ஊர்க்கதை எதுவும் பேசவில்லை. மாலையில் கடைசி இழை முடிந்ததும், நான் இருக்கும்போதே இழுத்துவிடுங்கள் அண்ணா என்றேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு இழுத்தார். மெல்ல, நின்று நின்று இழுத்தார். நாலாயிரத்தில் நான்கே நான்கு இழை அறுந்தது. அந்த நான்கையும் அங்கேயே பிணைத்தேன்.

வழியனுப்ப வண்டி வரைக்கும் வந்தவர் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். இதுதான் சூடாவுதாமே என்று கேட்டார். உதிரிபாகக் கடைச் சிரிப்பு தாமல் வரைக்கும் வந்திருக்கிறது போல. வண்டியை ஓடவிட்டு சுவிட்சைப் போட்டேன். அவர் இடது கையை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் காலைல விரல் மரத்துப் போவுதும்மா. போன வருஷம் விடிகாலைல இழுத்தேன் பாரு, எவ்ளோ வலுவா இழுக்கிறேன்னே கைக்குத் தெரியல. உன் முறுக்கு நல்லாத்தான் இருந்துச்சி. சொல்ல வெக்கமா இருந்துச்சி."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருடம். என் விரலையே நான் சந்தேகப்பட்ட ஒரு வருடம். வாய் வரைக்கும் வந்ததைச் சொல்லியிருந்தால் தெருவே கூடியிருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை நான், கைப்பிடி மேலிருந்த கையைப் பார்த்தேன். மாலைப் பனியிலேயே விரல் நான்கும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. அந்த வலி எனக்குத் தெரியும். இதை மறைத்துக்கொண்டு தறியில் உட்காருவது எப்படி என்பதும் தெரியும்.

"அந்த ரெண்டு வீட்டுக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கண்ணா, இப்பவே" என்றேன்.

தலையை ஆட்டினார். வலது கையால் சட்டைப்பையிலிருந்து போனைத் துழாவி எடுத்தார். இடது கை கைப்பிடியிலேயே இருந்தது. வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது, கையை எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் வண்டியை ஓடவிட்டபடியே நின்றேன்.