இருபது வளையங்கள்

மலச்சிக்கலைப் பற்றி ஒரு பெண் எழுதலாமா என்று முகம் சுழிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். எனக்கு இருபத்தைந்து வயதில் கிடைத்த முதல் வேலையே அதுதான். இந்திய இராணுவம் தீவுகளில் நின்ற காலம். பட்டணத்திலிருந்து ஒரு டொக்டர் கிழமைக்கு ஒரு தடவை எங்கள் ஊர் நாரந்தனைக்கு வந்து நோயாளரைப் பார்ப்பார். நாட்பட்ட மலச்சிக்கலுக்குக் காரணம் குடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத ஊர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார். என் கையெழுத்து வடிவு என்று சொல்லி என்னை எடுத்தார்.

இருதய நோயாளரின் இரத்தக் குழாய்க்குள் விடுகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று அவரிடம் இருந்தது. அதைச் சின்னச் சின்ன வளையங்களாக வெட்டுவார். எக்ஸ்ரே படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். ஒருநாள் தன் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டிலும் இன்னொரு சொட்டை அந்தப் பிளாஸ்டிக்கிலும் விட்டுக் காட்டினார். கண்ணாடியில் விட்டது கொஞ்ச நேரத்தில் உறைந்துபோனது. மற்றது உறையாமல் கிடந்தது.

“இதை வேற்றாள் எண்டு இரத்தம் நினைக்கேல்லை, பாத்தீரோ? எந்தச் சாமானோட இரத்தம் ஒத்துப்போகும் எண்டதுதான் என்ர மற்ற ஆராய்ச்சி. அது குடலையும் ஒண்டும் செய்யாது.”

அப்படிச் சொல்லிவிட்டு முதல் ஆளாக அவரே இருபது வளையங்களை விழுங்கினார். அடுத்த கிழமை வந்து பத்தொன்பதுதான் கணக்கில் வந்தது என்றார். மற்றது உள்ளே சம்பளமில்லாமல் வேலை செய்கிறதாக்கும் என்று நான் சொல்ல, மனுசன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வேலையில் நான் சிரித்த நாட்களும் இருந்தன.

முறை சுலபமானது. மருந்தில்லாத வெறும் குளிசைக் கூட்டுக்குள் இருபது வளையங்களைப் போட்டு விழுங்கக் கொடுப்போம். ஐந்தாம் நாள் நான் வீட்டுக்குப் போய் எத்தனை வெளியே வந்தது என்று கேட்பேன். எண்ணிக்கையைப் பட்டியலில் அவரவர் பெயருக்கு நேரே எழுதுவேன். வளையங்கள் முழுதும் வராதவர்களை டொக்டர் பண்ணைப் பாலம் தாண்டிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பிப்பார். வளையங்கள் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கேதான் நோய். எல்லாம் வந்துவிட்டதென்றால் படம் இல்லை. பிலிம் அவ்வளவு தட்டுப்பாடு.

பனங்கூடலுக்குள் குந்தியிருந்து தடியால் கிளறி எண்ணச் சொன்னால் எந்த மனுசி எண்ணுவாள் என்று டொக்டர் யோசிக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆம்பிளையள் காதில் விழ இந்தப் பேச்சை எங்கள் ஊர்ப் பெண்கள் எடுக்கமாட்டார்கள். அதிலும் மருமகன் வீட்டில் நின்றால் மாமியார் தனக்குத் தலையிடி என்றுகூடச் சொல்லமாட்டாள். அதனால் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் நேரே குசினிக்குள் நுழைந்து, அடுப்படியில் குந்தி, மெல்லக் கேட்பேன். அதுதான் என் வழக்கம்.

பக்கத்து வளவு மாமியும் அப்படித்தான் முதல்முறை குசினிக்குள் வைத்து என்னிடம் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். சின்ன வயதில் என் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட்டவர்.

“பத்து நாளைக்கு ஒருக்காத்தான் பிள்ளை போகுது. ஆமணக்கெண்ணெயும் கேக்குதில்லை. உள்ளுக்க ஆரோ இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கிற மாதிரிக் கிடக்கு.”

குளிசையை நானே கொடுத்தேன். ஐந்தாம் நாள் நான் அங்கே போனபோது, மடத்துவெளியிலிருந்து அவருடைய மகளின் புருசன் வந்திருந்தார். முன் விறாந்தையில் கதிரை போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏழு வீடு ஏறி இறங்கியிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. டொக்டரின் வான் பட்டணத்துக்கு வெளிக்கிட முதல் பட்டியலைக் கொடுக்கவேண்டும். குசினிக்குள் போகாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றே கேட்டேன்.

“மாமி, எல்லாம் வந்ததோ?”

குரல் கேட்டு விறாந்தைக்கு வந்த மாமி மருமகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“ஓம் பிள்ளை. எல்லாம் வந்திட்டுது.”

பேப்பர் ஒருக்கால் அசைந்தது. அது பொய் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். தெரிந்தும் அவருடைய பெயருக்கு நேரே வடிவாக ‘20’ என்று எழுதினேன். நாளைக்கு வந்து குசினிக்குள் கேட்டுத் திருத்தலாம் என்று நினைத்தேன். நாளைக்கு ஊரடங்கு. அதற்கு அடுத்த நாள் வேறு வீடுகள். பிறகு மறந்துபோனேன். இதை எழுதவே எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

பத்து நாள் கழித்து மாமிக்கு வயிறு ஊதி, சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்கத் தொடங்கியது. மகளும் மருமகனும் நானும் அவரை வானில் ஏற்றினோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி ஏற்றி, பட்டணத்து ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. எடுத்த படத்தை டொக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். இடதுபக்கம், கீழே, பாசிமணி குவிந்ததுபோல வளையங்கள் நின்றன. ஒவ்வொன்றாக எண்ணினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“குடலுக்குள்ள கட்டி. இப்ப குடல் வெடிச்சிட்டுது. ஐஞ்சாம் நாள் பாத்திருந்தா…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக முதல் மாமி என் கையைப் பிடித்தார்.

“உனக்குப் பொய் சொல்லிப்போட்டன் பிள்ளை. ஒண்டும் வரேல்லை. மருமோன் இருந்தவர், எப்பிடிச் சொல்லுறது? உனக்கு வேலையில ஏதும் கரைச்சலோ?”

இல்லை மாமி என்றேன். மூன்றாம் நாள் அவர் செத்துப்போனார்.

செத்தவீட்டு எட்டுச் செலவுச் சடங்குக்குப் போனேன். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு அந்த மருமகன் ஒரு பெரிய உறையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். உள்ளே மாமியின் எக்ஸ்ரே படம் இருந்தது.

“நீர் கேட்ட உடன எனக்கு விளங்கினது. மாமி சொல்லட்டும் எண்டு எழும்பிப் போகத்தான் பாத்தனான். பிறகு, நீர் வந்த உடன எழும்பினா அவமதிச்ச மாதிரி இருக்கும் எண்டு இருந்திட்டன்.” உறையை நீட்டினார். “இதை வீட்டில வைச்சிருக்க ஏலாது. இவ பாத்தா அழுவா. நீர் வைச்சிரும்.”

அன்று விறாந்தையில் மூன்று பேருக்குமே எல்லாம் தெரிந்திருந்தது.

தீவை விட்டு வெளிக்கிட்டபோது டொக்டரிடம் கேட்டு வாங்கிய பட்டியலையும் இந்தப் படத்தையும் சீலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். வேறு ஒன்றையும் அந்தக் கவனத்தோடு எடுக்கவில்லை. வருசத்துக்கு ஒருமுறை, மாமியின் திவசத்தன்று, சன்னலோரம் நின்று படத்தை வெளிச்சத்தில் பிடித்து எண்ணுவேன். ஒன்றாவது குறையாதா என்று ஒரு நப்பாசை. குறைவதில்லை. இருபதும் உள்ளே நிற்கும். பட்டியலில் என் வடிவான கையெழுத்திலும் இருபதுதான்.