முட்டை மாத்திரை

என் தங்கை சட்டைக் கம்பெனியில் காஜா மெஷின் ஓட்டுகிறாள். பட்டன் நுழையும் ஓட்டையைத் துணி பிசிறாமல் வெட்டித் தைக்கிற வேலை. வாயாடி, சூப்பர்வைசரையே பேச்சில் மடக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் மாமியார் வீட்டில் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு இருந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

குழந்தை இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி, முட்டை சரியாக வெளிவருவதில்லை என்றார் டாக்டரம்மா. முட்டை வளர மாத்திரை கொடுத்தார். அதைத் தின்றால் உடம்பு தணலாய்க் காய்ந்தது, தலை வலித்தது. முட்டை மட்டும் வளர்வேனா என்று அடம் பிடித்தது. பிறகு வேறு மாத்திரைக்கு மாற்றினார். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இதில்தான் பலன் கூடுதல் என்று பொறுமையாக விளக்கவும் செய்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆளாளுக்கு டாக்டர். இது மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையாயிற்றே என்று செல்போனைப் பார்த்துச் சொன்னாள் நாத்தனார். அவளுக்குப் பழைய மாத்திரையிலேயே பிள்ளை நின்றுவிட்டதாம். எந்த மாத்திரையும் இந்த உடம்பில் ஒட்டாது என்று மாமியார் முடிவே கட்டிவிட்டாள். கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் ஆளுக்கொரு மாத்திரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தின்றவளை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஸ்கேனுக்கெல்லாம் நான்தான் துணை. புது மாத்திரையில் முட்டை ஜோராக வளர்ந்தது. டாக்டரம்மா திரையைக் காட்டிச் சிரித்தார். இந்த இரண்டு மூன்று நாள் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வேண்டும் என்றார். பார்த்துவைத்த மாதிரி அந்த நாட்களில்தான் மாப்பிள்ளைக்குத் தூர டூட்டி விழும். வெளியூர் பஸ் டிரைவர். டிப்போவில் ஆள் இல்லை, விடமாட்டேன் என்கிறார்கள் என்பார். அடுத்த மாதமும் அதே கதை. திரும்பி வந்ததும், மாத்திரை கேட்கவில்லையா என்று அவரே விசாரிப்பார். பாவம் மனுஷன், ஓய்வில்லாமல் ஓடுகிறார் என்று நாங்கள் உச்சுக்கொட்டினோம்.

டாக்டரம்மா கேட்காமல் இல்லை. சேர்ந்திருந்தீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்க, புருஷனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இவள் தலையாட்டினாள். கணவருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கலாமே என்றபோது, வேறிடத்தில் எடுத்தாயிற்று, என் மகனிடம் ஒரு குறையும் இல்லை என்று மாமியார் அடித்துச் சொன்னாள்.

கடைசியில் ஊசிக்கு வந்து நின்றது. வயிற்றில் குத்திக்கொள்கிற ஊசி. சினைப்பை வீங்கலாம், ஒன்றுக்கு மேல் கரு தங்கலாம், யோசித்துச் செய்ய வேண்டும், கணவரை அழைத்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளை வந்தார். இதுவும் பலிக்காவிட்டால் என் மகனுக்கு வேறு பெண்தான் பார்க்க வேண்டும் என்று மாமியார் கிளினிக்கில் காத்திருந்தவர்கள் காதில் விழச் சொன்னாள். என் தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எதிர் நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். அதே டிப்போ டிரைவராம். கூட அவர் மனைவி, லேசாக மேடிட்ட வயிற்றோடு.

"அண்ணே, இவளுக்குக் கரு நின்னுடுச்சு. நீங்களா வந்து என் டிரிப்பைக் கேட்டு வாங்கி ஓட்டலன்னா, அந்த நாள்ல நான் வீட்ல எங்க இருந்திருக்கப் போறேன்? உங்களுக்குத்தான் புண்ணியம்."

என்ன மாத்திரை எடுத்தீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் என் தங்கை கேட்டாள். இவள் தின்ற அதே மாத்திரை.

மாப்பிள்ளை அவசரமாகக் கையை உருவிக்கொண்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் இருந்தும் கரு நிற்கவில்லை என்றால் பேச்சு அவர் பக்கம் திரும்பும். ஊரிலேயே இல்லாவிட்டால் பழி மாத்திரைக்கும் இவள் உடம்புக்கும் போய்விடும். அந்தப் பயத்துக்காக ஒருத்தியை மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார். கோழை. அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதற்குள் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா ஊசியைப் பற்றி ஆரம்பித்தார். என் தங்கை குறுக்கிட்டாள்.

"மாத்திரை நல்லாத்தான் வேலை செஞ்சுது டாக்டர். இவர்தான் ஒரு மாசம்கூட அந்த நாள்ல வீட்ல இல்ல. டெஸ்ட் எடுத்தாச்சுன்னு அத்தை சொன்னதும் பொய், இவர் எங்கயும் போகல. எனக்கு ஊசி வேணாம். முதல்ல இவருக்கு டெஸ்ட் எழுதுங்க."

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

"இன்னைக்கு யாரோட டிரிப்பு?" என்று கேட்டாள் என் தங்கை.

அவர் உட்கார்ந்துவிட்டார்.