அண்ணனுக்குப் போடாத இலை

மலையூரான பிரிஞ்சாங்கில் நாங்கள் இருந்த பழைய கடைவரிசையில், சாயங்காலம் பனி இறங்கியதும் மாடிப்படி சத்தம் போடும். மரப்படிதானே, குளிரில் பலகை சுருங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டே கதவைப் பார்ப்பேன். அம்மா பார்ப்பதோடு நிற்க மாட்டார், எழுந்து போய்த் திறந்தே விடுவார். வெளியே பனிதான் நிற்கும். "சட்டில சோறு மிச்சம் இருக்கில்ல?" என்று என்னிடம் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்.

அந்தச் சோறு அண்ணனுக்கு. நான் பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படித்த வருஷம் அண்ணன் காணாமல் போனான். கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூர்ச் சந்தைக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லாரியில் டிரைவருக்கு உதவியாளாக இருந்தான். வழியில் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் லாரியை நிறுத்தித் தேநீர் குடித்திருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனவன் திரும்பவில்லை. போலீசில் சொன்னோம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினோம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பிணவறைகளுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆளும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டியவர். அவர் போனதும் லயத்து வீட்டைத் தோட்டத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு டவுனுக்கு வந்தோம். கீழே பூக்கடை, மேலே நாங்கள். கொழுந்து கிள்ளிய அம்மாவின் கை, செவ்வந்தித் தண்டில் அடி இலைகளை உருவப் பழகிக்கொண்டது. படிப்பு முடிந்ததும் நானும் அதே மேசைக்கு வந்து நின்றேன். உருவ வேண்டும், பத்திரிகைத் தாளில் சுற்ற வேண்டும், வாளியில் நிறுத்த வேண்டும். நாள் முழுக்க ஈரக்கை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் வேறு எங்கேயும் போகவும் முடியவில்லை, ஏனென்றால் அம்மா அந்த வீட்டை விட்டு அசைய மாட்டார். அண்ணனுக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான்.

வரிசையில் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். பக்கத்துத் தையல்கடைக்காரர் போன பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடுவதுபோல எனக்குக் கேட்கும். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. அம்மா அதே சுவரில் காதை வைத்து, "யாரோ இருமுறாங்க, அவன் இருமல் மாதிரியே இருக்கு" என்று சொன்ன நாளில்தான் எனக்குப் பயம் வந்தது. எரிச்சலும் வந்தது. செத்துப்போயிருந்தால் ஒரு கனவிலாவது வந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா இந்த அண்ணன்? உயிரோடு இருந்தால் ஒரு போன் போட என்ன கேடு?

தீபாவளிக்கு முதல் நாள் எங்களில் செத்தவர்களுக்குப் படையல் போடுவோம். ஆளுக்கொரு வாழை இலை, அவரவர்க்குப் பிடித்த சாப்பாடு. அப்பாவுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டலும், ஒரு கிளாஸ் கறுப்பு பீரும், பற்ற வைத்த சிகரெட்டும். பரிமாறிவிட்டுச் சாம்பிராணி காட்டி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தட்டாமல் நுழைந்தால் சாப்பிடுகிறவர்களுக்குச் சங்கடம்.

அண்ணன் போன சில வருஷத்துக்குப் பிறகு, ஒரு படையலில் சித்தப்பா யாரையும் கேட்காமல் அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலையை விரித்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அம்மா அதைப் பார்த்ததும் சோற்றோடு சுருட்டி ஜன்னல் வழியாக வீசி எறிந்தார். "உசுரோட இருக்கிற புள்ளைக்கு எல போட்டா அவன் ஆயுசு என்னாவறது? பெத்தவ நான் சொல்லல, நீங்க எப்படி முடிவு பண்ணலாம்?" அந்த வருஷம் சித்தப்பா எங்கள் வீட்டில் சாப்பிடாமலே போனார்.

இந்த வருஷம் கடைவரிசையை விற்றுவிட்டார்கள். இடித்துவிட்டு ஹோட்டல் கட்டப்போகிறார்களாம். தீபாவளி முடிந்ததும் காலி செய்ய வேண்டும். ரிங்லெட்டில் ஒரு மாடி வீடு பார்த்தேன். அம்மா பார்க்கக்கூட வரவில்லை.

"அவன் வந்தா எங்கடி வருவான்? இங்க பெரிய ஹோட்டலு நிக்கும். அதுல போயி எங்கம்மா எங்கனு கேப்பானா?"

"வரமாட்டான்மா!" என்று கத்திவிட்டேன். "இத்தன வருஷம் வராதவன் இனிமே வரவே மாட்டான். போதும்லா!"

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

படையல் அன்று சித்தப்பா வந்திருந்தார். அந்தப் பழைய கோபத்தைப் பற்றி அவரும் அம்மாவும் பேசவில்லை. நான் அப்பாவுக்கு இலை போட்டேன். அம்மா ஈரத் துணியால் இன்னோர் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிழிந்துவிட்டால் மாற்றிப் போடத்தான் துடைக்கிறார் என்று நினைத்தேன். அதை அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் விரித்தார். காலையில் அவரே போய் வாங்கி வந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து காரமாக வறுத்த மீ கோரேங் நூடுல்ஸை அதில் வைத்தார். அண்ணன் சம்பளம் வாங்கிய நாளெல்லாம் அதைத்தான் தின்பான்.

எத்தனையோ வருஷமாக நான் வேண்டிக்கொண்டது இதைத்தான். ஆனால் கண்ணெதிரே அந்த இலையைப் பார்த்ததும் என் கை தானாக நீண்டு அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. எங்கே அவன் இப்போது, இந்த நிமிஷம், உயிரோடு இருந்துவிட்டால்?

"விடுடி," என்றார் அம்மா. "அவன் பசியோட இருக்கான்."

சாம்பிராணி காட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். படியெல்லாம் பனி ஏறியிருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் சித்தப்பா ஏதாவது கதை சொல்வார். அன்றைக்குக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுவதற்காக அவர் கையைத் தூக்கினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. அவன் மெதுவாத்தான் சாப்புடுவான்."

நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஏதாவது கேட்காதா என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். கடைசியில் அம்மாவே குனிந்து, கதவிடுக்கில் வாயை வைத்து, தூங்கும் பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"வீடு மாறப் போறோம்யா. ரிங்லெட்டுல, அணைக்கட்டுப் பக்கம், மேல் மாடி. இருட்டுல நீ தனியா தேடிக்கிட்டு வராத. அப்பாகூட வந்துரு."