கமலா கேட்ட திருநீற்றுப்பச்சை

தொட்டால் விரலில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. தேய்த்துப் பார்த்தேன்... ஒட்டவில்லை. இலையின் நிறமே அதுதான். பூனைக்குட்டியின் காது போல மெத்தென்று இருந்தது.

கல்யாணமான புதிது. மலாக்கா ஆயர் குரோவில் வாடகை வீடு. என் மனைவி கமலா, சுங்கை ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். வந்த நாளிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

"எங்க வீட்டு வாசல்ல திருநீற்றுப்பச்சை இருக்கும்ங்க. அந்த வாசனை இல்லாம என்னமோ மாதிரி இருக்கு."

அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

நான் அந்தச் செடியைப் பார்த்ததே இல்லை. செடி விற்கும் சீன ஆண்ட்டிக்கும் பெயர் விளங்கவில்லை. அப்போது கண்ணில் பட்டது இது. இலை முழுக்கத் திருநீறு பூசினாற்போல... வேறு எதுவாக இருக்க முடியும்?

கமலா முகர்ந்து பார்த்தாள். சிரித்தாள். "இதேதாங்க!"

பக்கத்து வீட்டுக் காசிம் பாய்தான் விடவில்லை. "என்னா சார், செடிக்கும் பட்டை போட்டு விட்டுட்டீங்களா லா?"

கமலா அதை வளர்த்த விதமே தனி. மண்ணில் பாதிக்கு மணல் கலப்பாள். நிழலில் வைத்தால் வெள்ளி மங்கிவிடும் என்று வெயிலில் வைப்பாள். பெருமழை வந்தால் ஓடிப்போய்த் தொட்டியைப் போர்ச்சுக்குள் இழுப்பாள். நுனியைக் கிள்ளிக் கிள்ளி நட்டே ஒரு வரிசை ஆகிவிட்டது. வருஷம் முழுக்க வாசலில் வெள்ளி...

வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் மலாக்கா டவுன் கோயிலில் பூக்கார அம்மா ஒரு செடியை நீட்டினார். பச்சைப் பசேலென்று இருந்தது.

"திருநீற்றுப்பச்சை சார். மலாய்க்காரங்க செலாசின்னு சொல்றாங்கள்ல, அதான்."

கிள்ளி முகர்ந்தேன். அப்படி ஒரு வாசனை! எங்கள் வெள்ளிச் செடியில் அதில் கால்வாசிகூடக் கிடையாது.

குழம்பிப் போனேன். என் வகுப்பில் இரண்டு லெட்சுமி இருந்தால் குட்டை லெட்சுமி, நெட்டை லெட்சுமி என்று பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள். செடிக்கு யார் பிரித்துச் சொல்வது? அவள் பிறந்த தோட்டத்தில் வெள்ளிச் செடிக்கே அந்தப் பெயர் இருந்திருக்குமோ? போய்க் கேட்கலாம் என்றால் அங்கே இப்போது நம் ஆள் ஒருவரும் இல்லை.

வாங்கிவந்து கமலாவிடமே நீட்டினேன். "உண்மையச் சொல்லு. அன்னைக்கு நீ கேட்டது எது?"

முகர்ந்தாள். கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"நான் கேட்டது நீங்க வாங்கிட்டு வந்ததுதான். வாத்தியார் புத்தி, இத்தன வருஷம் கழிச்சுப் பேப்பர் திருத்துறீங்க!"

அன்றைக்கு "இதேதாங்க" என்றதும் நிம்மதியாக நம்பினேன். இன்று போனில் படம் பிடித்தால் எந்தச் செடிக்கும் பெயர் வந்துவிடுகிறது... என் சந்தேகத்துக்குத்தான் பதில் வரவில்லை.

இப்போதெல்லாம் காலையில் முதல் தண்ணீர் பச்சைச் செடிக்குத்தான் ஊற்றுகிறாள். ஏன் என்று கேட்டால், "வெள்ளிக்குத் தண்ணி அதிகம் ஆகாதுங்க" என்கிறாள்.

அதுவும் உண்மைதான்.