சுகுவைக் காத்திருக்க வைத்த நாவல்

கோமதி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் டப்பிங் தியேட்டரில் ஒரு சீரியல் அம்மாவுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சவுண்ட் என்ஜினியர் டேக் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சேச்சி, கோமதியக்கா போயாச்சு. காலையில, தூக்கத்திலேயாம்." அந்தக் காட்சி ஒளிபரப்பாகும்போது பார்க்க எனக்குத் தைரியம் வராது.

அக்கா ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். சினிமாவில் கண்டினியூட்டி பார்த்தவர். நடிகரின் சட்டையில் எத்தனை பித்தான் திறந்திருந்தது, டம்ளர் எந்தக் கையில் இருந்தது என்று ஷாட்டுக்கு ஷாட் குறித்துவைக்கும் வேலை. ஒருமுறை கைக்கடிகாரம் கட்ட மறந்த பெரிய நடிகர் ஒருவர், "இதையெல்லாம் யார் பார்க்கப்போறாங்க?" என்று சலித்துக்கொண்டார். "நான் பார்த்தாச்சே, சார்" என்றார் அக்கா. நடிகர் கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள்.

அந்த அக்கா ஒரு துப்பறியும் நாவல் எழுதியது எல்லோருக்கும் தெரியும். எதற்காக எழுதினார் என்பது சிலருக்குத்தான் தெரியும்.

விழிஞ்ஞம் கடற்கரையில் சண்டைக் காட்சி எடுத்தபோது, டூப் போடும் சுகு உயரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். முதல் ஆபரேஷன் பலன் தரவில்லை. இரண்டாவதற்குச் சம்மதிக்க மாட்டேன் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி கெஞ்சினாள். நாங்கள் புத்தி சொன்னோம். அக்கா மட்டும் வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தார். மறுநாள் ஒரு நோட்டுடன் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். "இதைச் சத்தமா வாசி." சுகு வீட்டில் தமிழ் பேசுவான், படித்தது மலையாளப் பள்ளி, தமிழ் வாசிக்க வராது.

கதையில், ஒரு படத்தின் நாயகன் கொல்லப்படுகிறான். ஆனால் மறுநாளும் படப்பிடிப்பு நடக்கிறது. அச்சாக அவனைப் போலவே ஒருவன் வந்து நடிக்கிறான். மோதிரம் விரல் மாறியிருப்பதைக் கண்டினியூட்டிப் பெண் கண்டுபிடித்துவிடுகிறாள். அப்புறம் ஒரே ஓட்டம்தான்: தம்பானூர் ரயில் நிலையம், லாட்ஜ் மொட்டைமாடி, பைக்கில் சுவர் தாண்டித் துரத்தல். தினம் ஓர் அத்தியாயம். அவள் பிடிபடப்போகும் நேரத்தில் அக்கா நோட்டை வாங்கிக்கொள்வார்.

மூன்றாம் நாள் சுகு சுவரைவிட்டு எங்கள் பக்கம் திரும்பினான். "அக்கா, பைக் அப்படியொண்ணும் தாண்டாது, கேட்டோ. முன் பிரேக்கைப் பிடிச்சா அவன் தலைகுப்புற விழுவான்."

"அப்ப எப்படித் தாண்டணும்? நீயே சொல்லு."

அவன் படுத்தபடியே இரண்டு கைகளாலும் இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்துக் காட்டினான். வாசலில் நின்ற அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அக்கா நோட்டைப் பைக்குள் வைத்தார். "ஆபரேஷன் முடியட்டும். கொன்னது யாருன்னு அப்புறம் சொல்றேன்."

"இது சதி, அல்லே அக்கா?"

"சதிதான்."

அவன் கையை நீட்டி நோட்டு இருந்த பையைத் தொட்டான். "நான் எழும்பலைன்னா?"

அக்கா அவன் நெற்றியில் கை வைத்தார். "நீ எழும்பலைன்னா எனக்கு இதை முடிக்கத் தெரியாதுடா."

சுகு சம்மதக் கையெழுத்துப் போட்டான். வராந்தாவுக்கு வந்ததும், "எங்கிட்டயாவது சொல்லுங்கக்கா, யார் கொன்னது?" என்று கேட்டேன். அக்கா விழித்தார். "எனக்கே தெரியலையே. அவன் வரட்டும், கேட்டுக்கலாம்."

ஆபரேஷன் பலித்தது. பேச வந்தவுடன் சுகு தீர்ப்புச் சொன்னான்: "புரொடக்ஷன் மேனேஜர்தான். அவன் ஒருத்தர்கிட்டேயும் கோபப்படவே மாட்டேங்கிறான். அப்படி ஒரு ஆள் சினிமாவில உண்டோ?" அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே எழுதினார். வாசகர்கள் பாராட்டிய முடிவு அவனுடையது.

தைக்காட்டு மயானத்துக்குச் சுகு கைத்தடியோடு வந்திருந்தான். எல்லாம் முடிந்த பிறகும் நகராமல் நின்றான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா எனக்கு விட்டுப்போனது ஆறுதல் பேச்சு அல்ல. நாள் தவறாமல் போய்ப் பக்கத்தில் உட்காரும் அந்தப் பழக்கம்தான். அவன் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். "நாளைக்கு வீட்டுக்கு வர்றேன், சுகு" என்றேன். மறுநாள் போனேன்.